சுண்ணாம்பு தடவிய முட்டி

இப்போது நான் இலக்கியம் படிக்கிறேன். இதற்கு முன் விஞ்ஞானப் பட்டமொன்றைப் பெற்றிருக்கிறேன் என்று தெரிந்தால், அங்கே என்ன செய்தீர் என்று வகுப்பிலுள்ளவர்கள் கேட்பார்கள். கள்ளை அளந்தேன் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பேச்சு விரைவில் முடிவதை விரும்புகிறவள் என்பதால் அந்த விடையே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அது பாதி விடை. முதல் மூன்று வாரங்கள் நான் அளந்தது கள்ளே அல்ல.

எழுபதுகளின் பிற்பகுதி. உயிர் இரசாயனத்தில் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த ஒவ்வொருவரும் இறுதி ஆண்டில் ஒரு விரிவுரையாளரின் மேற்பார்வையில் ஓர் ஆய்வைச் செய்து முடிக்க வேண்டும். முடிக்காதவர்களுக்குப் பொதுப் பட்டம்தான். எங்கள் வகுப்பில் ஐந்து பேர். நால்வர் ஆண்கள், அவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்துகொண்டார்கள். எவரும் என்னை ஒதுக்கவில்லை. ஐந்தை இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சும், அந்த ஒன்று நானாக இருப்பேன் என்பதை நான் உட்பட எல்லோரும் முன்னரே அறிந்திருந்தோம்.

எனக்குத் தரப்பட்ட பொருள், பனையிலிருந்து இறங்கும் சாற்றில் உண்டாகும் ஒரு நொதியம். சாறு பாளையில் கட்டிய மண்முட்டியில் சேரச் சேர அதில் ஈஸ்ட் வளரும். அந்த ஈஸ்ட் சுரக்கும் நொதியம் சாற்றிலுள்ள சீனியை இரண்டாகப் பிளக்கும். பிளந்த சீனிதான் பின்னர் புளித்துக் கள்ளாகிறது. அந்த நொதியம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை நான் அளக்க வேண்டும். மஞ்சள் நிறக் கரைசலொன்றைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால், சீனி பிளந்திருக்கும் குழாய் செம்பழுப்பாக மாறும். அந்த நிறத்தின் அடர்த்தியை நிறமானியின் முள் காட்டும். மேற்பார்வையாளர் இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் மூன்று தட்டச்சுத் தாள்களாகத் தந்தார். சாமான்களை வைத்துப் பூட்ட ஒரு மேசை லாச்சியின் திறப்பையும் தந்தார்.

"நீர் தீவில இருந்துதானே வாறீர்? சாறு உமக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கும்" என்றார்.

அதன் பின் வெள்ளிக்கிழமைகளில் பதினைந்து நிமிடம் அவரைக் காணலாம்.

எங்கள் வீடு புங்குடுதீவில். அப்பா தெற்கே ஒரு நகரில் கடை வைத்திருந்தார். வருடத்தில் இரண்டு முறை வருவார். வீட்டில் அம்மாவும் நானும். வீட்டு வளவுக்குப் பின்னால் பனைகள் அடர்ந்த பனங்கூடல். அங்கே பாளை சீவிச் சாறு இறக்கும் சீவல் தொழில் செய்தவர் அப்பாவைவிட வயதில் மூத்தவர். எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லி, நீ என்றே அழைப்பார்கள். பெயர் சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணை என்றோ ஐயா என்றோ அழைத்தால் அம்மா திரும்பிப் பார்ப்பார். ஆகவே நான் அவரை எதுவும் சொல்லி அழைத்ததில்லை. அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்து நின்று, பிறகு பேசுவேன்.

அவரிடம் என்ன கேட்பது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். கள்ளு என்ற சொல்லை எங்கள் வீட்டுப் பெண்கள் உச்சரிப்பதில்லை. தவிர்க்க முடியாதபோது 'அது' என்பார்கள். தாளிலிருந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பனஞ்சாறு என்பது பொருந்தும். ஆனால் அப்படி எவரும் பேசுவதில்லை. கடைசியில் வேலிப் படலையடியில் நின்று, "பனையில இருந்து இறக்கிறது, அண்டண்டைக்குப் புதுசாய், ஒரு போத்தல் வேணும். படிப்புக்கு" என்றேன்.

"என்ன பிள்ளை, கருப்பணியோ?"

"ஓம்" என்றேன்.

அன்று மாலை அகராதியை எடுத்துப் பார்த்தேன். கருப்பணியின் எழுத்து வடிவமான கருப்பநீர் என்பதற்குப் பனையின் இனிப்பான சாறு என்று பொருள் இருந்தது. புளிப்பதற்கு முன்பான நிலை என்று விளங்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியது அதுதான். கேட்கக் கூச்சமில்லாத சொல்லே சரியான சொல்லாகவும் அமைந்துவிட்டது என்ற திருப்தியோடு அகராதியை மூடினேன்.

மறுநாள் தொடக்கம் ஒவ்வொரு விடியலிலும் படலையில் ஒரு போத்தல் தொங்கும். முதல்நாள் பட்டணத்தில் வாங்கி உமிக்குள் புதைத்து வைத்திருந்த ஐஸில் மிஞ்சியதை உடைத்து, வெப்பம் புகாத சுடுதண்ணிப் போத்தலுக்குள் போட்டு, சாற்றை அதில் ஊற்றி மூடி, முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். பாலங்களைக் கடக்கையில் இரு புறமும் கடல் கிடக்கும். ஆய்வுகூடத்தை அடையும்போது அங்கே எவரும் இருக்கமாட்டார்கள். சாற்றின் அடியில் வெள்ளையாக ஒரு மண்டி படிந்திருக்கும். வடிகட்டுக என்று தாளில் எழுதியிருந்தது, வடிகட்டினேன். தாளில் எழுதியிராத எதையும் நான் செய்யவில்லை. முகர்ந்து பார்க்கவில்லை. சுவைப்பது ஆய்வுகூடத்தில் தடை. வீட்டில் நினைக்கவும் கூடாது.

மூன்று வாரம் முள் அசையவில்லை. கருவியில் குறையில்லை. பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டைக் கரைத்து ஒப்பீட்டுக்காக வைத்திருந்த குழாய் ஒவ்வொரு நாளும் தவறாமல் செம்பழுப்பாகியது. அதன் அருகில் என் குழாய்கள் எல்லாம் ஒரே மஞ்சளில், வரிசையாக, ஒன்றையும் சொல்லாமல் நின்றன. அடுத்த மேசைகளில் இருவர் இருவராக நின்றவர்கள் ஒருவர் நேரம் பார்க்க மற்றவர் எழுதினார்கள். தம் பிழைகளுக்காக ஒருவரையொருவர் ஏசினார்கள். நான் நேரத்தை நானே பார்த்து நானே எழுதினேன். ஏசுவதற்கு எனக்கு ஆளில்லை. சில நாட்களில், காலையில் பஸ்ஸில் சீட்டு வாங்கியதற்குப் பின் மாலையில் பஸ்ஸில் சீட்டு வாங்கும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கமாட்டேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் என் கொப்பியைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் பூச்சியம்.

"பூச்சியம் வரலாம். ஏன் பூச்சியம் எண்டு சொல்லவேணும். இன்னும் மூண்டு வெள்ளிதான் இருக்கு. அதுக்குள்ள ஒண்டும் வராட்டில் நான் கையெழுத்து வைக்க ஏலாது. பொதுப் பட்டத்தோட போகவேண்டி வரும்."

"ஓம் சேர்" என்றேன்.

பாளைக் காலமும் முடிந்துகொண்டிருந்தது. அடுத்த பருவம்வரை காத்திருக்கப் பல்கலைக்கழக ஒழுங்கில் இடமில்லை.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம், ஆய்வுகூட உதவியாளர் என் மேசையருகே வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்போம். கண்ணாடிச் சாமான்கள் கழுவுவது அவர் வேலை.

"தங்கச்சி, கோவியாதையும். நீர் கொண்டாறது கள்ளுத்தானே?"

"பனஞ்சாறு" என்றேன்.

"அதுதான் கேக்கிறன். மூண்டு கிழமையா இந்தப் போத்தலைக் கழுவுறவன் நான். ஒரு நாளெண்டாலும் ஒரு மணம் வரவேணுமே! கள்ளுத் தவறணையில இதை வித்தால் வித்தவனைத் தூக்கிக் கிணத்துக்கை போட்டிருப்பாங்கள்."

அவர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். சோற்றுப் பார்சலின் வாழையிலை இன்னும் கையில் இருந்தது. அதில் சொதியின் மஞ்சள் படிந்திருந்தது. என் போத்தலின் அடியில் கிடந்த மண்டியில் ஒரு துளியை இலையில் விட்டார். மஞ்சள் இரத்தச் சிவப்பாகியது.

"இதில ஆலாத்தி எடுக்கலாம் தங்கச்சி! சுண்ணாம்பு. இது கருப்பணியெல்லோ, சின்னப்பிள்ளையளுக்குக் குடுக்கிறது. முட்டிக்குள்ள சுண்ணாம்பைத் தடவிப்போட்டுத்தான் பாளையில கட்டுறது. பிறகெப்பிடிப் புளிக்கும்? உம்மட ஈஸ்ட் எல்லாம் முட்டிக்குள்ள விழுந்த உடனை செத்துப்போம்."

அடுத்த மேசைகளில் இருந்த நால்வரும் வந்து இலையைப் பார்த்தார்கள். "மூண்டு கிழமையாக் கருப்பணிக்குச் செத்தவீடு செய்திருக்கிறா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அதில் பொல்லாப்பு எதுவும் இல்லை. நானும் சிரித்திருந்தால் அன்று அவர்களோடு தேநீர் குடிக்கப் போயிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. நான் இலையை மடித்து எறிந்துவிட்டுக் குழாய்களைக் கழுவத் தொடங்கினேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்கைச் சரிபார்த்தேன். அகராதி பொய் சொல்லவில்லை. சுண்ணாம்பைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கருப்பணியோ என்று படலையடியில் அவர் கேட்டதற்கு நான் பிழையாக விடை சொல்லவும் இல்லை; வேண்டியது வேறென்று அறிந்துகொள்ளும் அக்கறை எனக்கு இருக்கவில்லை, ஏனெனில் அந்த வேறொன்றின் பெயரைச் சொல்லவேண்டி வந்திருக்கும். இதை யாரிடமாவது சொல்லலாம் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் விடியலில் பனங்கூடலுக்குப் போனேன். அவர் ஒரு பனையடியில் குந்தியிருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரும்வரை நின்றேன்.

"என்ன பிள்ளை, இஞ்சை வந்து நிக்கிறியள்? கருப்பணி சரியில்லையே? சுண்ணாம்பு போதாமப் போச்சோ? பிள்ளைக்கெண்டு புது முட்டி வாங்கி, மற்றவைக்குத் தடவுறதிலும் பாக்க இரண்டு மடங்கு தடவித்தான் கட்டினனான்."

"சுண்ணாம்பு போடாதது வேணும்."

"சுண்ணாம்பு போடாட்டில் அது கள்ளெல்லோ, பிள்ளை."

"ஓம்" என்றேன். அது போதாது என்று தெரிந்தது. "கள்ளு. கள்ளுத்தான் வேணும்."

"ஆருக்கு?"

"எனக்கு."

அவர் சட்டென்று மேலே பார்த்தார். "மெதுவாச் சொல்லுங்கோ பிள்ளை! படிப்புக்கெண்டு சொல்லுங்கோ. எல்லாப் பனையிலயும் காது இருக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எங்கோ ஒரு பனையின் தலையிலிருந்து இன்னொரு சீவல்காரரின் குரல் வந்தது: "பாவம், கேக்கிற பிள்ளைக்கு ஒரு பிளா வாத்து விடுங்கோவன்!" பனையோலையை மடித்துச் செய்யும் கள்ளுக்கிண்ணம்தான் பிளா. வேறு இரண்டு பனைகளிலிருந்து சிரிப்பு இறங்கியது. முகம் தெரியாதவர்கள் மேலேயிருந்து சிரிக்கக் கீழே நிற்பது எப்படியென்பதை நான் அன்று அறிந்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்கட படலைக்கு நான் கள்ளு கொண்டர ஏலாது. உங்கட ஐயா ஊருக்கு வந்தால் என்னைத்தான் கேப்பார். பின்வேலிக் கதியால் தடியில முட்டியைக் கொழுவி விடுறன். விடிய எடுங்கோ. எடுத்துப்போட்டு முட்டியைக் கவிட்டு விடுங்கோ."

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் செய்ய வழியிருக்கவில்லை.

"அதைக் கொண்டு பஸ்ஸில போறதுக்கோ உன்னைப் படிப்பிச்சது?"

"இல்லாட்டில் பட்டம் இல்லை அம்மா."

"பட்டம் இருந்து, பேர் இல்லாட்டில்?"

சுடுதண்ணிப் போத்தல் அதன் பின் குசினிக்குள் வரவில்லை. அதற்குக் கிணற்றடியில் ஒரு கல் ஒதுக்கப்பட்டது.

முதல் நாள் முட்டியை எடுத்தபோது அது உயிருள்ள ஒன்றைப் போல மெல்ல இரைந்துகொண்டிருந்தது. நுரை, புளிப்பு மணம், வெண்மை. மூன்று வாரம் நான் தேடிக்கொண்டிருந்தது அந்த இரைச்சல்தான் என்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சியில் போத்தலை இறுக மூடினேன். கருப்பணிக்கு அது சரி. கள்ளுக்குள் வாயு பெருகிக்கொண்டேயிருக்கும் என்பதைத் தேர்வில் இருமுறை எழுதியிருக்கிறேன். தக்கையை அழுத்தும்போது அது என் நினைவில் இல்லை.

வேலணைப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது தக்கை வெடித்துக் கூரையில் பட்டது. நுரை என் மடியிலும் பக்கத்தில் இருந்த ஆசிரியையின் வெள்ளைச் சேலையிலும் வழிந்தது. மணம் பஸ் முழுவதையும் நிறைத்தது.

"ஆரப்பா உள்ளுக்கை தவறணை திறந்தது?" என்று முன்னாலிருந்து கொண்டக்டர் கத்தினார்.

"படிப்புக்கு" என்றேன். எவருக்குக் கேட்டதென்று தெரியவில்லை. ஆசிரியை எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பைப் பிழிந்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எழுந்தேன். அவர் இன்னும் இரண்டு அடி முன்னே நகர்ந்தார். போத்தலில் மூன்றிலொரு பங்கு மிஞ்சியிருந்தது. அன்றைய வேலைக்கு அது போதும்.

அன்று முதல் தக்கைக்குப் பதிலாகப் பஞ்சை அடைத்தேன். வெடிக்கவில்லை, மணம் மட்டும் வந்தது. என் பக்கத்து இருக்கையில் பிறகு எவரும் இருக்கவில்லை. ஓலைக் கடகங்களோடு ஏறிய பெண்கள் மண்டைதீவுச் சந்திவரை நின்றே வந்தார்கள். நெரிசலில் என் தோளில் அவர்களுடைய கடகங்கள் இடித்தன, ஆனால் அந்த ஓரிடம் காலியாகவே இருந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ போத்தலை அந்த இருக்கையில் வைத்தேன். மடியில் வைத்திருப்பதைவிட அது சரியாமல் நின்றது.

ஆய்வுகூடத்தில் குழாய்கள் செம்பழுப்பாகின. முதல் குழாய் நிறம் மாறியபோது உதவியாளர் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தொலைவில் நின்று, மூக்கைச் சுட்டிக்காட்டித் தலையாட்டினார். மீதமிருந்த நாட்களில் மேலும் ஒரு பிழையும் நேரவில்லை. வரைபுத்தாளில் புள்ளிகள் ஒரே வளைவில் ஏறி, ஓரிடத்தில் தயங்கி, சமனாகின. அவற்றை இணைத்து ஒரே இழுப்பில் கோடு வரைந்தேன்.

கடைசி வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வளைவை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாயிருக்கு. முதல் மூண்டு கிழமை?"

"அது பிழை, சேர். முட்டியில சுண்ணாம்பு இருந்தது. எனக்குத் தெரியாது."

"பிழையோ? இதைவிட நல்ல ஒப்பீடு ஆருக்குக் கிடைக்கும்? சுண்ணாம்பு இருந்தால் பூச்சியம், இல்லாட்டில் இந்த வளைவு. ஒப்பீட்டுப் பரிசோதனை எண்டு எழுதும்."

"நான் அப்பிடித் திட்டமிடேல்லை, சேர்."

"நீர் என்ன நினைச்சீர் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். என்ன அளந்தீர் எண்டுதான் கேப்பினம்."

அவர் சொன்னது சரி. அவர் தந்த ஆங்கில வாக்கியம் ஒரு வரிதான்: சுண்ணாம்பு தடவிய முட்டிகளில் சேகரிக்கப்பட்ட சாறு ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தப்பட்டது. தட்டச்சு செய்தபின் நான்கு முறை வாசித்தேன். அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. சேகரித்தவர் இல்லை, கேட்டவள் இல்லை, ஏன் கேட்டாள் என்பதும் இல்லை. அப்படியே விட்டேன். அவர் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. இனிக் கள்ளு வேண்டாம், முடிந்துவிட்டது என்று சொல்லப் பனங்கூடலுக்குப் போனேன். அவர் பனையின் மேலே இருந்தார். தரையில் நிற்கும் ஒருவர் திரும்பும்வரை காத்திருக்கலாம். பனையின் தலையில் இருப்பவரைக் கீழே நின்று கூப்பிடாமல் திருப்ப முடியாது. நின்றேன். பாளை தட்டும் ஓசை கேட்டது. அவர் இறங்கி, என்னைக் காணாமலே, தொலைவிலிருந்த அடுத்த பனைக்குப் போய் ஏறினார். கூப்பிட்டால் மற்றப் பனைகளிலிருந்து யார் யார் கேட்டுச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பினேன்.

ஞாயிறு விடியலில் பின்வேலிக் கதியாலில் முட்டி நிறைந்து நுரைத்திருந்தது. எடுக்காமல் விட்டால், கட்டியவரை அவமதித்ததாகும். பனையடியில் ஊற்றி, முட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்ந்த முட்டி, பிள்ளை எடுத்துவிட்டது, நாளைக்கும் வேண்டும் என்றே அவருக்குச் சொல்லியிருக்கும். திங்களும் முட்டி இருந்தது. செவ்வாயும்.

புதன்கிழமை நான் ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா கிணற்றடியிலிருந்து பார்த்தார்.

"கையெழுத்து வைச்சாச்செண்டு சொன்னாய். பிறகேன் இன்னும் இது?"

"வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை அம்மா. அவர் பனையில நிக்கிறார்."

"நிண்டால் என்ன? கூப்பிட்டுச் சொல்லன்."

"என்னெண்டு கூப்பிடுறது?"

அம்மா அவருடைய பெயரைச் சொன்னார். ஒரு சின்னக் கேள்விக்கு விடை சொல்பவரைப் போல, வாளியை இழுத்தபடி சொன்னார்.

நான் முட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த நாளும் அது நிறைந்திருந்தது.